குவியலின் அடியில் மறைக்கப்பட்ட ஈரம்



மதீனாவின் கடைத்தெருவில் தானிய வியாபாரி ஒருவர் தன் சரக்கைக் குவித்து வைத்து விற்றுக் கொண்டிருக்கிறார். அவ்வழியே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். மேலே காய்ந்த தானியம். உள்ளே விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்து விட்டது என்கிறார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவராக மாட்டார் என்று எச்சரிக்கிறார்கள். ஜும்ஆ மேடைகளில் இந்த நிகழ்ச்சியைக் கேட்காத வியாபாரி நம் சமுதாயத்தில் இருக்க முடியாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. குறையை மறைத்து விற்காதே, வாங்குகிறவன் பார்த்து முடிவு செய்யட்டும் என்றுதான் சொல்லப்பட்டது. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக் கொண்டு, இன்று நாட்டில் நடக்கும் மிகப் பெரிய வியாபாரம் ஒன்றைப் பார்ப்போம். அது அணுமின்சார வியாபாரம்!

பெயரில் மட்டும் சாந்தி

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சாந்தி' என்று வருகிறது. அறிமுகம் செய்யப்பட்ட அதே வாரத்தில் இரு அவைகளிலும் நிறைவேறி விட்டது. 1962-ம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும், 2010-ம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் இது கொண்டு வரப்பட்டது. அரசின் கையில் மட்டுமே இருந்த அணு உலைகளை இனி தனியார் கம்பெனிகளும் உரிமம் பெற்று நடத்தலாம். நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் அணுமின்சாரத்தின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். இதை 2047-க்குள் 1 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவோம் என்கிறது மத்திய அரசு.

உயர்த்தட்டும். ஆனால் விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

2010-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. பழுதான கருவியைக் கொடுத்ததால் விபத்து நேர்ந்தால், உலையை நடத்துகிறவர் அந்தக் கருவியை விற்ற கம்பெனியிடமிருந்து நஷ்டத்தை வசூலிக்கலாம் என்பது அதன் பொருள். கடைத்தெரு நியாயம் இதுதானே? கெட்டுப் போன சரக்கைக் கொடுத்தவன் பதில் சொல்ல வேண்டாமா? வெளிநாட்டு உலைக் கம்பெனிகளுக்கு இந்த வாசகம் முள்ளாகக் குத்தியது. பதினைந்து ஆண்டுகளாக முணுமுணுத்தார்கள். புதிய சட்டத்தில் அந்த முள் பிடுங்கப்பட்டு விட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாம், வேண்டுமென்றே கேடு செய்திருந்தால் கேட்கலாம். மற்றபடி விற்றவன் வீட்டுக்குப் போகலாம்!

உலையை நடத்துகிறவரின் பொறுப்புக்கும் உச்சவரம்பு உண்டு. மிகப் பெரிய உலைக்கு 3,000 கோடி ரூபாய். கூடங்குளத்தில் இருக்கும் அளவிலான உலைக்கு 1,500 கோடி ரூபாய். அதற்கு மேல் மத்திய அரசு ஒரு வரம்பு வரை ஏற்கும். மத்திய அரசின் பணம் என்பது நீங்களும் நானும் கட்டுகிற வரி. பாதிக்கப்பட்டவனே தன் நஷ்ட ஈட்டுக்கும் பணம் கட்டுகிறான் என்று அர்த்தம்.

போபாலை மறந்து விட்டோமா?

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு பழைய போபாலின் ஏழைக் குடியிருப்புகளில் புகுந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே சந்தில் வாழ்ந்த பகுதிகள் அவை. ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்தார்கள். லட்சக்கணக்கானோர் நுரையீரலும் கண்ணும் கெட்டுப் பிழைத்தார்கள். கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைது செய்யப்பட்ட அன்றே ஜாமீனில் விடப்பட்டு நாட்டை விட்டுப் போனார். ஒரு நாள்கூட நீதிமன்றக் கூண்டில் நிற்காமல் 2014-ல் அமெரிக்காவில் இறந்தார்.

1989-ல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டது. போதவில்லை, கூடுதலாக வேண்டும் என்று கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை எரிப்பதற்காக வெளியே எடுத்துச் சென்றதே 2025 ஜனவரியில்தான். நாற்பது ஆண்டுகள்!

இப்போது கணக்குப் பாருங்கள், வியாபாரிகளே! கூடங்குளம் அளவிலான உலைக்கு நிர்ணயித்த 1,500 கோடி ரூபாய் இன்றைய மதிப்பில் 20 கோடி டாலருக்கும் குறைவு. 1989-ல் போபால் மக்களுக்குப் போதாமல் போன தொகையில் பாதிகூட இல்லை. பூச்சிமருந்து ஆலைக்குப் போதாதது அணு உலைக்குப் போதுமா? 2011 மார்ச் 11 அன்று சுனாமியில் சிதைந்த ஃபுகுஷிமா உலைகளுக்காக ஜப்பான் அரசு 2016-ல் மதிப்பிட்ட செலவு 21.5 லட்சம் கோடி யென். ஒழுங்குக்கும் தொழில்நுட்பத்துக்கும் உலகமே உதாரணம் காட்டும் நாட்டில் ஒன்றரை லட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

கூடங்குளம் சொல்லும் பாடம்

நெல்லை மாவட்டத்தின் கடலோரத்தில் நிற்கிறது கூடங்குளம் நிலையம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். சோவியத் யூனியன் உடைந்ததால் கிடப்பில் கிடந்த திட்டம் 1998-ல் தூசு தட்டப்பட்டு, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2013 அக்டோபரிலும், இரண்டாவது 2016-லும் மின்தொடரில் இணைந்தன. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். இன்னும் நான்கு உலைகளுக்கு 2017-லும் 2021-லும் கட்டுமானம் தொடங்கப்பட்டது. முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் போதும் என்றார்கள். திருத்திய மதிப்பீடு 22,462 கோடிக்குப் போனது. இந்தச் செலவையும் மின்சாரம் வாங்குகிறவர்தானே கட்ட வேண்டும்?

செலவாவது காகிதத்தில் தெரிந்தது. தெரியாமல் அடியில் இருந்த ஈரம் எவ்வளவு?

எரிந்து முடிந்த அணு எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 நவம்பரில் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கம் பற்றிப் பேச்சு எழுந்தது. கோலார் மக்கள் வீதிக்கு வந்ததும், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று பின்வாங்கினார்கள். 2013 மே 6 அன்று நிலையம் இயங்க அனுமதி கொடுத்த உச்ச நீதிமன்றம், பதினைந்து நிபந்தனைகளையும் விதித்தது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுகளில் அமைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐந்து ஆண்டு முடிந்தது, கிடங்கு வரவில்லை. 2018-ல் 2022 வரை அவகாசம் வாங்கினார்கள். 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்க இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. பல ஆயிரம் ஆண்டுகள் காக்கப்பட வேண்டிய நஞ்சுக்கு, ஐந்தாண்டுத் திட்டத்தைக்கூடச் சொன்னபடி நிறைவேற்ற முடியவில்லை.

2019 அக்டோபரில் இன்னொரு சம்பவம். நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து விட்டது என்று செய்தி வந்தது. அப்படி எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். மறுநாளே, ஆமாம் புகுந்தது, ஆனால் அது நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர்தான், உலைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். உலைக்குச் சம்பந்தமில்லாமலே இருக்கட்டும். முதல் நாள் ஏன் இல்லை என்றீர்கள்? கடைக்காரர் ஒருவர் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகப் பேசினால் அவர் கையில் அடுத்த சரக்கை யார் வாங்குவார்?

நாம் பட்ட காயம் அவர்களுக்கும்

இளைஞர்களில் சிலர் கேட்கலாம்: இது இடிந்தகரை மீனவர்களின் பிரச்சினை, கிறிஸ்தவ மக்களின் போராட்டம், நமக்கென்ன?

சகோதரா, நமக்குத்தான் இதில் அதிகம் புரிய வேண்டும்! 2011-ல் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்த அந்த மக்களுக்கு என்ன பெயர் சூட்டினார்கள்? வெளிநாட்டுப் பணத்தில் ஆடுகிறார்கள் என்றார்கள். 2012 பிப்ரவரியில் நாட்டின் பிரதமரே, அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் இருந்து உதவி பெறும் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னணி என்று பேட்டி கொடுத்தார். இந்த வசனம் நமக்குப் புதிதா? பள்ளிவாசலுக்கு ஒரு மாடி எழுப்பினால்கூட வளைகுடாப் பணம் என்கிறார்களே, அதே பல்லவி!

2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் திரண்ட மக்கள் மீது தடியடியும் கண்ணீர்ப் புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குகள். வலைபின்னும் பெண்கள் தேசத் துரோகிகளாம்! தடாவையும் பொடாவையும் கண்ட சமுதாயம் நாம். ஓர் ஊரையே முதல் தகவல் அறிக்கையில் 'மற்றும் பலர்' என்று அடைத்து விடுவது என்னவென்று நமக்குத் தெரியும். பாஸ்போர்ட் எடுக்க முடியாமல், வளைகுடா வேலைக்குப் போக முடியாமல் நின்ற வாலிபர்களை நாம் பார்த்திருக்கிறோம். உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி செய்யுங்கள் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. அநீதி யாருக்கு இழைக்கப்பட்டாலும் அநீதிதான்.

மேலும், காற்றுக்கு மஹல்லா எல்லை தெரியாது. ஏதேனும் நேர்ந்தால் அது இடிந்தகரையோடு நின்று விடாது. ஏர்வாடிக்கும் காயல்பட்டினத்துக்கும் மேலப்பாளையத்துக்கும் தனிக் காற்று வீசப் போவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்வோம்

குறையை மறைக்காதே என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நாம் மறைக்கக் கூடாது. அணுமின்சாரத்துக்கும் சில நியாயங்கள் உண்டு.

கடைவீதிச் சகோதரர்கள் 2012-ஐ மறக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. திருப்பூரிலும் கோவையிலும் சிறு பட்டறைகள் மூடப்பட்டன. டீசல் ஜெனரேட்டர் வாங்க முடியாதவர் கடையை இருட்டில் வைத்தார். எந்த உலையாவது வரட்டும், கரண்ட் வந்தால் போதும் என்று அன்று சொன்னவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். வயிற்றின் பேச்சு அது. இன்று கூடங்குளம் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழகத்துக்குத்தான் ஒதுக்கப்பட்டுள்ளது. மீதி அண்டை மாநிலங்களுக்குப் போகிறது.

நிலக்கரியும் சுத்தமானதல்ல. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன் போயிற்று. நெய்வேலிக்காக நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் வேலை கேட்டு இன்னும் நிற்கிறார்கள். அங்கே 2020-ல் மே, ஜூலை ஆகிய இரு மாதங்களிலும் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் தமிழகத்துக்குக் கிடைத்த அருட்கொடை. மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் வைகாசியில் வீசும் காற்று மார்கழியில் வீசாது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே வந்து விட்டது. சூரியன் மாலையில் மறைகிறது, நம் கடைகளில் வியாபாரம் மாலையில்தான் தொடங்குகிறது. பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வழிகளுக்கு அரசு பணம் போட்டாக வேண்டும்.

முஸ்லிம் நாடு கட்டினால் சரி, மற்றவர் கட்டினால் தவறு என்பதும் நம் வாதமல்ல. நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் அமீரகத்தில், அபுதாபியின் பராக்கா நிலையம் நான்கு உலைகளோடு அந்நாட்டு மின்சாரத்தில் கால் பங்கைத் தருகிறது. அங்கேயும் கேள்வி இதேதான். குறையை வெளியே வைத்தாயா? பொறுப்பை ஏற்றாயா?

நம் வீட்டு மீட்டர்

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் பேச வேண்டும். அளவில் மோசடி செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஷுஐப் நபி (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் செய்த எச்சரிக்கையும் அளவையும் நிறுவையும் பற்றியதுதான். மீட்டரும் ஒரு தராசுதான், சகோதரர்களே!

கல்யாணப் பந்தலுக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது, வீட்டு இணைப்பில் கடை நடத்துவது, மீட்டரை மந்தமாக்க ஆள் தேடுவது எல்லாம் நம் தெருக்களில் நடக்கவில்லையா? கொக்கி போட்டு எடுத்த மின்சாரத்தில் மைக் கட்டி மார்க்கம் பேசினால் அந்தப் பேச்சில் பரக்கத் இருக்குமா? திருடிய யூனிட்டின் பாரம் ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிறவர் தலையில் விழுகிறது. போதவில்லை, போதவில்லை என்று அரசு சொல்லும் கணக்கில் நம் வீண்விரயமும் சேர்கிறது. ஆளில்லாத ஹாலில் சுழலும் மின்விசிறிகளுக்கும் எங்கோ ஒரு கடற்கரையில் ஒருவன் விலை கொடுக்கிறான். அரசிடம் சரியான கணக்கைக் கேட்கிற நாக்குக்கு, வீட்டில் சரியான மீட்டர் இருக்க வேண்டும்.

நாம் கேட்பது

உலையைக் கட்டுகிறவர்களிடம் நாம் கேட்பது சலுகை அல்ல, நேர்மையான வியாபாரம்.

முதலாவது, விபத்து நேர்ந்தால் எந்த ஊர் மக்கள் எந்தப் பாதையில், எந்த வாகனத்தில், எங்கே போக வேண்டும் என்ற திட்டம் தமிழில் அச்சிடப்பட்டு, நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகால வட்டத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, எரிந்த எரிபொருள் எவ்வளவு இருக்கிறது, எங்கே போகும் என்பதை மக்கள் முன் வைக்க வேண்டும். அதற்கு முன் புதிய உலைகள் பற்றிய பேச்சு கூடாது.

மூன்றாவது, பழுதான கருவி விற்றவன் பதில் சொல்லும் பிரிவு சட்டத்தில் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். இழப்பீட்டு வரம்பு போபாலை நினைவில் வைத்து உயர்த்தப்பட வேண்டும்.

நான்காவது, எஞ்சியிருக்கும் போராட்ட வழக்குகள் ஒன்று விடாமல் திரும்பப் பெறப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஆபத்தைச் சுமக்கும் கிராமங்களுக்கு மின்சாரத்திலும் வேலையிலும் மருத்துவத்திலும் முதல் பங்கு தரப்பட வேண்டும். விளக்கு எரிவது ஒருவர் வீட்டில், பயம் குடியிருப்பது இன்னொருவர் வீட்டில் என்பது நியாயமான பங்கீடு அல்ல.

இவற்றைச் செய்த பிறகும் அணுமின்சாரம் மலிவாகவும் பாதுகாப்பாகவும் நிற்குமானால், மக்கள் பார்த்து வாங்கட்டும். இவற்றைச் செய்ய அரசு தயங்கினால், அந்தத் தயக்கமே குவியலின் அடியில் ஈரம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். இளைஞர்களே! ஒரு நாள் இடிந்தகரைக்குப் போய் வாருங்கள். மேடை போட வேண்டாம், கொடி கட்ட வேண்டாம். அந்த மக்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு வாருங்கள். வியாபாரிகளே! பள்ளிவாசல் மாடியில் சூரியத் தகடு பதிக்க உங்கள் பங்கைக் கொடுங்கள். ஒளூச் செய்யும் தண்ணீராவது யாருடைய பயத்திலும் இறைக்கப்படாமல் வரட்டும்.

மறைத்து விற்பவர்களின் கூட்டத்திலும், பார்த்தும் பேசாமல் இருப்பவர்களின் கூட்டத்திலும் நம்மைச் சேர்க்காமல், நீதிக்குச் சாட்சி சொல்வோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள் புரிவானாக! ஆமீன்.